ஊசியக்கா வாங்கிய சின்னக் குக்கர்

எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவருக்கு ஊசியக்கா என்று பெயர். நோயாளிகள் வைத்த பெயர்தான். பிறகு டாக்டர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். இருபத்தாறு வருஷமாக அந்த ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிறார். நரம்பே தெரியாத குண்டுக் கை, பத்து இடத்தில் குத்திக் கறுத்துப்போன கை, பயத்தில் ஜில்லிட்டுப்போன கை, எதுவானாலும் இரண்டு விரலை வைத்துச் சற்று நேரம் தடவுவார். நரம்பு தட்டுப்பட்டதும் "வந்துட்டாரு" என்று தனக்குள் சொல்லிக்கொள்வார். அப்புறம் ஒரே குத்து. நான் அதே கூடத்தில் மைக்ரோஸ்கோப் பார்க்கிறவள். பதினோரு வருஷமாகப் பக்கத்துப் பக்கத்து மேசை. அதனால் இதில் பாதி நான் பார்த்தது, பாதி அக்கா சொன்னது.

அக்காவின் வீட்டுக்காரர் குடிநீர் வாரியத்தில் ஸ்டோர் கீப்பர். குழாய், வால்வு, நட்டு, போல்ட்டு எல்லாம் அவர் பொறுப்பு. அவர்கள் இருந்ததும் வாரியத்தின் குடியிருப்பில்தான். நாற்பது வருஷக் கட்டடம், மூன்று மாடி, பன்னிரண்டு வீடு. ஒரு மத்தியானம் படுக்கையறைக் கூரையின் பூச்சு ஒரு கதவு அகலத்துக்குப் பெயர்ந்து கட்டில்மேல் விழுந்தது. நல்லவேளை, வீட்டில் யாரும் இல்லை. "தலையணை மட்டும் செத்துப்போச்சு" என்று மறுநாள் அக்கா எங்களிடம் சொன்னார். அன்றைக்குச் சிரிப்பதற்குத் தெம்பு இருந்தது.

இன்ஜினியர்கள் வந்தார்கள். சின்னச் சுத்தியலால் தூணையெல்லாம் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்டார்கள். பன்னிரண்டு வீட்டையும் காலி செய்யச் சொன்னார்கள். "மூணு மாசம், ரிப்பேர் முடிஞ்சதும் திரும்ப வந்துடலாம்" என்றார்கள். ஒரே வாரத்தில் குடும்பம் மூன்றாகப் பிரிந்தது. மகன் ஏற்கெனவே கல்லூரி விடுதியில். வீட்டுக்காரருடைய ஆபீஸ் போன வருஷம்தான் ஊரின் அந்தக் கோடிக்கு மாறியிருந்தது. அங்கே பக்கத்திலேயே அவருடைய அண்ணன் வீடு. அவர் அங்கே போனார். கட்டில், பீரோ, பாத்திர மூட்டை எல்லாம் அண்ணன் வீட்டுக் கார் ஷெட்டுக்குப் போயின. அக்காவால் அங்கே போக முடியாது. ஆறு மணிக்கு ஊசியைக் கையில் எடுக்க வேண்டியவர், இரண்டு பஸ் மாறி வருவதென்றால் நாலு மணிக்குக் கிளம்ப வேண்டும். அதனால் ஆஸ்பத்திரி நர்ஸுகள் விடுதியில், இரண்டாவது மாடியில், தற்காலிகம் என்று எழுதிக் கொடுத்து ஓர் அறை வாங்கிக்கொண்டார். ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு ஜன்னல், ஒரு பிளக் பாயின்ட். பெட்டியைக்கூட முழுசாகப் பிரிக்கவில்லை. மூணு மாசம்தானே.

சாப்பாடுதான் பிரச்சினை. ஆஸ்பத்திரி கேன்டீன் எட்டு மணிக்குத் திறக்கும். அக்காவுக்கு அப்போது வரிசை வாசல் வரை நிற்கும். "வெறும் வயித்துலதானே வந்தீங்க? தண்ணி மட்டும்தானே குடிச்சீங்க?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டே, தானும் வெறும் வயிற்றில் நின்று குத்திக்கொண்டிருப்பார். பத்தரைக்கு ஒரு டீ. இரண்டு மணிக்குக் கேன்டீனுக்குப் போனால் அடியில் ஒட்டியது, ஆறிப்போனது, அதுவும் மிச்சமிருந்தால். சாயங்காலம் ரொட்டி, வாழைப்பழம். மூன்று மாதம் நாலு மாதமானது. நாலு ஐந்தானது. போனில் வீட்டுக்காரரிடம் தினமும் ஒரே கேள்வி: "எப்போ போறோம்?" அவரும் ஒரே பதில்: "நாளைக்கு ஆபீஸ்ல கேக்கறேன்."

ஐந்தாம் மாதம் ஒரு காலை, ஒரு தச்சரின் கையில் ரப்பர் பட்டையைக் கட்டிக்கொண்டிருந்தபோது அக்காவுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. தச்சர் சட்டென்று எழுந்து, பட்டை கட்டிய கையாலேயே அவரைப் பிடித்துத் தன் நாற்காலியில் உட்கார வைத்தார். ரத்தம் கொடுத்துவிட்டுச் சாப்பிடலாமென்று வைத்திருந்த பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து, "முதல்ல நீங்க சாப்பிடுங்கம்மா, நான் அப்புறம் சாப்பிட்டுக்கறேன்" என்றார். வரிசையே வேடிக்கை பார்த்தது. அக்கா அந்த பிஸ்கட்டை மென்றபடி அழாமல் இருக்க ரொம்பவே பாடுபட்டார்.

அன்றைக்கு அக்காவின் கையில் ரத்தம் எடுத்தது நான்தான். எனக்கு நரம்பு அகப்படவில்லை. "இன்னும் கொஞ்சம் கீழ. அங்க இல்ல, விரலுக்கு அடியில துடிக்குது பாரு" என்று அவரே வழி சொன்னார். ஹீமோகுளோபின் எட்டரை. எங்கள் டாக்டரம்மா அந்தச் சீட்டையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மாத்திரை எழுதித் தரேன். ஆனா மாத்திரை மட்டும் வேலை செய்யாது. வேளாவேளைக்குச் சூடா ஏதாவது சாப்பிடணும். உங்க ரூம்ல சமைக்க முடியாதா?"

"ஒரு ஆளுக்கு என்னத்தைச் சமைக்கிறது டாக்டர்" என்றார் அக்கா.

"ஏன், ஒரு ஆளுக்குப் பசிக்காதா?"

விடுதி வார்டன் ஓய்வு பெற்ற நர்ஸ். அவரிடம் போய் நின்றோம். ஸ்டவ் கூடாது, தண்ணீர் காய்ச்சும் கம்பி கூடாது, இஸ்திரிப் பெட்டி கீழ்த்தளத்தில் மட்டும். "பதினாறு ரூமுக்கும் ஒரே லைன்மா. ஒருத்தி முடி காயவைக்கிற மெஷினைப் போட்டா இன்னொருத்திக்கு ஃபேன் நின்னுடுது. ரைஸ் குக்கர் வேணும்னா வெச்சுக்கோ, ஆனா நானூறு வாட்டுக்கு மேல போகக் கூடாது. போச்சுன்னா நானே வந்து பிடுங்கிடுவேன்" என்றார். சொன்னால் செய்கிற ஆள்.

அன்று சாயங்காலமே அக்கா இரண்டு நிறுத்தம் தள்ளி, பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் இருக்கும் பாத்திரக் கடைக்குப் போனார். விற்பனையாளர் வாய் ஓயாதவர். "எத்தனை பேருக்குக்கா?" என்று கேட்டார்.

ஒரு ஆளுக்கு என்று சொல்லத்தான் அக்கா வாயைத் திறந்தார். "மூணு பேருக்கு" என்று வந்துவிட்டது. ஏன் அப்படிச் சொன்னேன் என்று அவருக்கே தெரியவில்லை. மகன் பிறந்ததிலிருந்து, இருபத்திரண்டு வருஷமாக, யார் கேட்டாலும் அந்தப் பதில்தான்.

விற்பனையாளர் பூப்போட்ட ஒரு பெரிய குக்கரை மேசையில் தூக்கி வைத்தார். இரண்டு உள்பாத்திரம், ஆவியில் வேகவைக்கத் தட்டு, கரண்டி, எல்லாம் இலவசம். "அக்கா, இதுல கல்யாணமே நடத்தலாம்" என்றார். அக்கா அதைத் திருப்பி அடியில் ஒட்டியிருந்த தாளைப் படித்தார். எழுநூறு வாட். யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்துவிட்டார்.

போனில் வீட்டுக்காரரிடம் சொன்னார். அவர் யோசிக்கவே இல்லை. "பெருசாவே வாங்கிடு. சின்னதை வெச்சுக்கிட்டு நாளைக்கு வீட்டுக்குப் போனப்புறம் என்ன பண்றது? மூணு பேருக்குப் பத்துமா?"

"நானூறு வாட்டுக்கு மேல வெச்சா வார்டன் பிடுங்கிடுவாங்க."

"அப்போ கொஞ்ச நாள் பொறுத்துக்கோயேன். இவ்வளவு நாள் பொறுத்தாச்சு."

"எப்போ போறோம்னு சொல்லுங்க, பொறுத்துக்கறேன்."

"நாளைக்கு ஆபீஸ்ல கேக்கறேன்."

போனை வைத்துவிட்டு அக்கா சாப்பிடாமலே படுத்துவிட்டாராம். கோபம்கூட வரவில்லை, கோபப்படவும் சாப்பிட்டிருக்க வேண்டும் போல என்று பிற்பாடு என்னிடம் சொன்னார்.

அடுத்த வாரம் அவருக்கு விடுப்பு நாள். துணி துவைப்பதை விட்டுவிட்டு நேராகப் பழைய குடியிருப்புக்குப் போனார். வேலை எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது என்று தானே பார்த்துவிட்டால் ஒரு கணக்குக் கிடைக்கும், அதை வைத்துக் குக்கரைப் பெரிதா சின்னதா என்று முடிவு செய்யலாம். அவ்வளவுதான் நினைத்தார்.

அங்கே வேலை எதுவும் நடக்கவில்லை. மணல் இல்லை, சாரம் இல்லை, ஆள் இல்லை. மாடிப்படியில் புறாக்கள் குடியேறியிருந்தன. கீழே மின்சார மீட்டர் பெட்டிகளுக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. கட்டடம் பழுது பார்க்கத் தகுதியற்றது, முழுவதும் இடிக்கப்படும், குடியிருந்தோர் வேறு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும், மாற்று வீடு கேட்போர் விண்ணப்பிக்கலாம், ஆனால் காலம் உறுதி இல்லை. அதன் கீழே பன்னிரண்டு வீட்டு எண், ஒவ்வொன்றுக்கும் எதிரில் தகவல் அறிந்ததற்கான கையெழுத்து, தேதி. ஒன்பதாம் எண்ணுக்கு எதிரில் வீட்டுக்காரரின் கையெழுத்து இருந்தது. கடைசி எழுத்திலிருந்து வால் நீட்டி அடியில் கோடு இழுப்பார், அதே கையெழுத்து. தேதி ஐந்து வாரம் முந்தியது.

அக்கா அந்தத் தேதியை விரலால் தொட்டுப் பார்த்தார். ஐந்து வாரத்தில் முப்பத்தைந்து போன். முப்பத்தைந்து "நாளைக்கு ஆபீஸ்ல கேக்கறேன்."

மேலே போய் வீட்டைப் பார்க்கத் தோன்றவில்லை. படி ஏற முட்டி ஒத்துழைக்காது என்று தனக்கே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு திரும்பினார். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. போனைக் கையில் எடுத்தார், வைத்தார். விடுதிக்கு இரண்டு நிறுத்தம் முன்பே, அந்தப் பாத்திரக் கடை எதிரில் இறங்கிவிட்டார்.

விற்பனையாளருக்கு ஞாபகம் இருந்தது. "வாங்கக்கா! அந்தப் பூப்போட்டதை உங்களுக்குன்னே எடுத்து வெச்சிருக்கேன்."

"அது வேணாம்பா. ஒரு ஆளுக்கு வேணும்."

"மூணு பேருன்னீங்களே?"

"ஒரு ஆளுக்கு" என்றார் அக்கா மறுபடியும். இரண்டாம் தடவை சொல்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை.

விற்பனையாளர் மூன்று குக்கரைக் கொண்டுவந்து வைத்தார். முதலாவது டிபன் டப்பா மாதிரி, ரொம்ப அழகு, ஆனால் சமைத்ததைச் சூடாக்கத்தான் ஆகும், அரிசி வேகாது. இரண்டாவது மூடி கொக்கி போட்டு இறுக்குகிற ரகம். உள்ளே கறுப்புப் பூச்சு, சாதம் ஒட்டவே ஒட்டாதாம். அக்கா மூடியைத் திறந்து அதன் உள்பக்கத்து ரப்பர் வளையத்தை நகத்தால் கிளப்பிப் பார்த்தார். வரவில்லை.

"இது கழலாதா?"

"கழலாதுக்கா. ஃபிக்ஸ்டு."

"அப்போ இதுக்கு அடியில கஞ்சி போய் நின்னா எப்படிக் கழுவறது? பத்து நாள்ல உள்ள ஒரு ஊரே குடியிருக்கும். நான் லேப்ல வேலை பாக்கறவ."

விற்பனையாளர் அந்த மூடியை முதல் தடவையாகப் பார்ப்பது போலப் பார்த்தார். மூன்றாவது வெறும் வெள்ளை. மேலே தூக்கி எடுக்கிற கண்ணாடி மூடி, அலுமினிய உள்பாத்திரம், ஒரே ஒரு விசை. முன்னூறு வாட். மின்சார வயரைத் தனியாகக் கழற்றிச் சுருட்டி உள்ளே வைத்துக்கொள்ளலாம். அறுநூறு மில்லி. அதனுடன் வந்த சின்னக் கிண்ணத்தால் ஒன்றரைக் கிண்ணம் அரிசி போடலாம், அதற்கு மேல் கூடாது. பாத்திரத்தை அக்கா கையில் எடுத்தார். அவருடைய இரண்டு கை சேர்த்து ஏந்தினால் அடங்கிவிடும் அளவு.

"இது இருக்கறதுலயே சாதாரணம்க்கா" என்றார் விற்பனையாளர், விற்க மனமில்லாதவர் போல.

"நானும் அப்படித்தான். பிளக்ல போட்டுக் காமி."

போட்டார். சிவப்பு விளக்கு எரிந்தது. வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

முதல் தடவை சரியாக வரவில்லை. கழுவிய அரிசியைப் போட்டு, பழக்கத்தில் விரல் கணு அளவுக்குத் தண்ணீர் வைத்தார். பெரிய பானைக்குச் சரியான கணு, இந்தக் குட்டிப் பாத்திரத்துக்கு வெள்ளம். பத்து நிமிஷத்தில் கண்ணாடி மூடி தடதடவென்று ஆடி, கஞ்சி பொங்கி மேசையெல்லாம் வழிந்து, காலையில் போட்டுக்கொள்ள மடித்து வைத்திருந்த வெள்ளைக் கோட்டில் போய்ச் சேர்ந்தது. சோறு கூழாகியிருந்தது. அதையும் அப்படியே உப்புப் போட்டுக் குடித்தார்.

மறுநாள் கிண்ணத்தால் அளந்தார். ஒரு கிண்ணம் அரிசி, ஒன்றேகால் கிண்ணம் தண்ணீர். நாலைந்து தண்ணீரில் நன்றாகக் கழுவி, அரை மணி நேரம் ஊறவைத்தார். நன்றாகத் தேய்த்துக் கழுவிய ஒரு முட்டையை அரிசி நடுவில் புதைத்தார். ஓர் உருளைக்கிழங்கைத் தோலோடு நறுக்கி மேலே போட்டார். விசையைத் தட்டிவிட்டுக் கட்டிலில் சாய்ந்தார். கொஞ்ச நேரத்தில் அறை முழுக்க வேகிற அரிசியின் வாசனை. ஐந்து மாதமாக அந்த அறையில் மருந்து நெடியும் சோப்பு வாசனையும் தவிர வேறெதுவும் வந்ததில்லை. டக் என்று விசை மேலே ஏறியது. பத்து நிமிஷம் மூடியைத் திறக்காமல் பொறுத்திருந்து, பிறகு தட்டில் கொட்டி, கிழங்கை மசித்து, முட்டையை உரித்து, கொஞ்சம் உப்பும் மிளகும் தூவிப் பிசைந்து சாப்பிட்டார். விரல் சுட்டது. சுடச்சுட ஒரு வாய் உள்ளே போனதும் உடம்பெல்லாம் தளர்ந்துவிட்டதாம். சாப்பிட்ட கையைக் கழுவாமலே சுவரில் சாய்ந்து தூங்கிப்போனார். விழித்தபோது கையில் பருக்கை காய்ந்திருந்தது.

அதற்கு அப்புறம்தான் வீட்டுக்காரருக்குப் போன் செய்தார். அன்று அக்கா வழக்கமான "எப்போ போறோம்" கேள்வியைக் கேட்கவில்லை.

"குவார்ட்டர்ஸுக்குப் போயிருந்தேன். உங்க கையெழுத்தைப் பாத்தேன்."

 அந்தப் பக்கம் பின்னால் அண்ணன் வீட்டு டிவி கேட்டது.

"ஞாயித்துக்கிழமை வரேன்" என்றார் அவர் கடைசியில்.

வந்தார். விடுதியில் ஆண்களைக் கீழ்த்தளத்துப் பார்வையாளர் அறைக்கு மேல் விடமாட்டார்கள். நாலு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு காலண்டர், ஒரு மேசை, அதன் பக்கத்தில் ஒரு பிளக் பாயின்ட். அக்கா குக்கரைத் துண்டில் சுற்றிக் கீழே எடுத்து வந்திருந்தார். அன்று எனக்கு மத்தியான டியூட்டி. அக்காவிடம் எங்கள் கூடத்து அலமாரிச் சாவி வாங்கப் போனவள், அவர்களைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டேன். காதில் விழுந்ததைச் சொல்கிறேன்.

"ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"நீ போன் பண்ணா கேக்கறதே அது ஒண்ணுதான். எப்போ போறோம், எப்போ போறோம்னு. இனிமே போகவே முடியாதுன்னு எப்படிம்மா சொல்றது? அந்த ரூம்ல தனியா உக்காந்துக்கிட்டு நீ என்ன பண்ணுவேன்னு பயமா இருந்துச்சு. இன்னிக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு…"

"ரெண்டு நாள் அழுதிருப்பேன். மூணாவது நாள் வேற வீடு பாக்கக் கிளம்பியிருப்பேன். இப்போ அஞ்சு வாரம் போச்சு. பெட்டியைக்கூடப் பிரிக்காம உக்காந்திருந்தேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நட்டு போல்ட்டு ஒன்று குறைந்தாலும் தெரிந்துவிடுகிற மனுஷன், இவ்வளவு பெரிய விஷயத்தை எங்கே ஒளித்து வைத்திருந்தாரோ. அக்கா குக்கர் மூடியைத் திறந்தார். சோற்றைத் தட்டில் போட்டு அவர் பக்கம் நகர்த்தினார்.

"நான் அண்ணி வீட்டுல சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன்" என்றார் அவர். சொல்லிக்கொண்டே ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்தார். பிறகுதான் பாத்திரம் காலியாக இருப்பதைப் பார்த்தார். "உனக்கு?"

"ஒரு ஆளுக்குத்தான் வேகும். இருங்க, இன்னொரு தடவை வைக்கறேன்."

அரிசி ஊறி வேகும் வரை இருவரும் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து, என்ன மாதிரி வீடு, எந்தப் பக்கம், மாடி வேண்டுமா கீழ்த்தளமா என்று பேசினார்கள். கூரையைத் தட்டிப் பார்க்காமல் எந்த வீட்டுக்கும் தலையாட்டக் கூடாது என்று அக்கா கண்டிப்பாகச் சொன்னார். நான் சாவி கேட்காமலே திரும்பிவிட்டேன்.

வீடு கிடைக்க இன்னும் ஆறு மாதமானது. விடுப்பு நாளெல்லாம் அதிலேயே போயிற்று. ஒன்று தூரம், ஒன்று இருட்டு, ஒன்றில் வீட்டுச் சொந்தக்காரர் கேட்ட கேள்விகளுக்கு நேர்முகத் தேர்வே தேவலை. அக்கா தினமும் இரண்டு மணிக்கு அறைக்குப் போய் விசையைத் தட்டுவார். ஒரு நாள் பருப்பு சேர்த்து, ஒரு நாள் கீரை, ஒரு நாள் வெறும் கஞ்சி. ஹீமோகுளோபின் பத்தேமுக்காலுக்கு ஏறியது. முகத்தில் களைப்பு மட்டும் போகவில்லை. ஆறு மணி வரிசை ஆறு மணி வரிசைதானே.

கடைசியில் இரண்டு பேர் வேலைக்கும் நடுவில் ஒரு கீழ்த்தள வீடு அமைந்தது. இரண்டு அறை, வெளிச்சமான சமையலறை. ஒரு சனிக்கிழமை காலை டியூட்டி முடித்துவிட்டு, வார்டனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, பெட்டி, படுக்கை, குக்கரோடு ஒரு சின்னச் சாமான் வண்டியில் ஓட்டுநர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். வீட்டுக்காரரும் மகனும் கார் ஷெட்டுச் சாமான்களோடு நேராக அங்கே வந்துவிடுவதாக ஏற்பாடு. வண்டி கிளம்பி முதல் சிக்னல் தாண்டுவதற்குள் அக்கா தூங்கிவிட்டார்.

"அக்கா, இங்க லெஃப்டா ரைட்டா?" என்று ஓட்டுநர் கேட்டார்.

"லெஃப்ட்" என்றார் அக்கா கண்ணைத் திறக்காமல்.

அது பழைய குடியிருப்புக்குப் போகிற வழி. இரண்டு தெரு தாண்டி, ஒரு வேகத்தடையில் தலை ஜன்னலில் இடித்த பிறகுதான் முழித்தார். தெருவைப் பார்த்தார். எங்கே போய்க்கொண்டிருக்கிறோம் என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"தப்பாச் சொல்லிட்டேன்பா. திருப்பிக்கோ."

"பரவால்லக்கா" என்று சொல்லி, ஓட்டுநர் அடுத்த சந்தில் வண்டியை ரிவர்ஸ் எடுத்தார்.